அழிக்கும் பக்கத்தில் என் பெயர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரை அவர் தன் வசதிக்கு எடுத்தார், தன் வசதிக்கே திரும்ப வைத்தார். அப்படிப்பட்டவரின் பெயரைத் தட்டச்சு செய்ய என் விரல் கூசுகிறது, அவ்வளவுதான். மேனேஜர் என்று சொல்கிறேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். கோபம் தணிந்த பிறகு எழுது, நிதானமாக வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். தணிந்த பிறகு எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது? எனக்குத் தணியவும் இல்லை.

வீடு துடியலூரில். ஆபீஸ் சத்தி ரோட்டில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான் அங்கே டெக்னிக்கல் ரைட்டர். ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதித் தருவது என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் தருவார்களே, அந்த மாதிரி எழுதுகிறேன் என்று சொல்வேன். அதை யாருங்க படிக்கிறாங்க என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் படிக்காத பக்கங்களைத்தான் ஓர் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவந்தேன்.

இந்தத் தடவை படிக்க ஆள் கிடைத்தது. ஆள் என்று சொல்வதும் சரியில்லை. எங்கள் கம்பெனி செய்தது ஏஐ ஏஜென்ட்களுக்கான கிளவுட் கிடங்கு. ஏஜென்ட் என்பது நாம் சொன்ன வேலையைத் தானே முன்னின்று செய்யும் மென்பொருள். கடைக்கு வரும் ஆர்டரைப் படிக்கும், வாடிக்கையாளருக்குப் பதில் போடும், அவர்கள் அனுப்பும் படங்களைப் பத்திரப்படுத்தும், கேட்டால் தேடித் தரும். இந்தக் கோப்புகளை எல்லாம் வைக்க அதற்கு இணையத்தில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாங்கள் விற்றோம். வைப்பதற்கு ஒரு பக்கம், எடுப்பதற்கு ஒரு பக்கம், இடம் மாற்ற, பகிர, அழிக்க என்று ஒவ்வொரு காரியத்துக்கும் நான் ஒரு பக்கம் எழுதினேன். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்களை நம்பிச் செய்த கருவி என்பதால் தமிழிலும் எழுதினோம், ஆங்கிலத்திலும் எழுதினோம். ஏஜென்ட் எந்தக் காரியத்தைத் தொடங்கும் முன்பும் அதற்கான பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கும். படித்தபடியே செய்யும். என் வாழ்நாளில் இப்படி ஒரு வாசகர் எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் அந்த வாசகருக்கு ஒரு குறை உண்டு. சொல்லாததைப் புரிந்துகொள்ளத் தெரியாது. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு எழுதுவதென்றால் பாதி சொன்னால் போதும். இருந்து சாப்பிட்டுட்டுப் போலாமுங்களே என்பதை எந்தக் குரலில் சொன்னால் கிளம்பச் சொல்கிறார்கள் என்று எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். யாரையும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அதை ஒரு குறையாக ஊரே பேசும். இந்தப் பழக்கத்தை வெளியே வைத்துவிட்டு எழுத உட்கார வேண்டும் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அழிக்கும் பக்கம். எங்கள் கருவியில் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதற்குள் இருக்கும் கோப்புகளின் பழைய பிரதிகளும் சேர்ந்தே போய்விடும். திரும்ப எடுக்க வழியே கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியை நான் இப்படி எழுதினேன்: "உரிமையாளர் நேரடியாக உறுதி சொல்லாமல் எந்த ஃபோல்டரையும் அழிக்கக் கூடாது. இடம் போதவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு உரிமையாளரைக் கேட்க வேண்டும்." எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். இதில் எந்தப் பக்கமும் நழுவ முடியாது என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

இப்போது மேனேஜரைச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்துக்காரர். தேய்த்த சட்டை, நெற்றியில் மெல்லிசாக ஒரு கீற்றுத் திருநீறு. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து மல்லிகையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஆபீஸ் பெண்களுக்குக் கொடுப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இவரைப் போல ஒரு மேனேஜர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

அவர் அன்று என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "ஏனுங்க மேடம், கூடாதுன்னு போட்டிருக்கீங்க. படிக்கறப்ப அதட்டற மாதிரி இருக்குதுங்க" என்றார். படிக்கப்போவது ஏஜென்ட், அதட்டினால் அதற்கு வலிக்காது என்றேன். கடைக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள், முதல் வரியிலேயே மிரட்டினால் மனசு சங்கடப்படும் என்றார். மனசு சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, கோப்பு போய்விடக் கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை பார்த்தால் என் வரி இல்லை. அந்த இடத்தில் இப்படி இருந்தது: "இயன்றவரை ஃபோல்டர்களை அழிப்பதைத் தவிர்ப்பது நலம். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இன்னும் சிறப்பு." ஆங்கிலத்திலும் அதே குழைவு. ஆபீஸ் குரூப்பில் அவருக்குத் தெளிவாக எழுதினேன். இதைப் படிக்கும் ஏஜென்ட், இயலாதபோது அழிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். கேட்டால் சிறப்பு என்றால் கேட்காவிட்டாலும் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதட்டுவது போல் இருக்கிறது என்று நீங்கள் எடுத்த பழைய வரியைத் திரும்பப் போடுங்கள் என்று எழுதினேன். பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வந்தது. எதற்கும் அவர் அனுப்புவது அந்தப் படம்தான். சரி என்றும் அர்த்தம், முடியாது என்றும் அர்த்தம், போய் வேலையைப் பார் என்றும் அர்த்தம்.

அறிமுக விழாவை அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் வைத்தார்கள். ஆவணத்தின் முகப்பில் எழுதியவர் என்று என் பெயர் இருக்கும், பெரிய திரையில் வரும் என்று வீட்டில் சொல்லி, என் வீட்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். திரையில் முகப்பு வந்தது. ஆக்கமும் வடிவமைப்பும் என்று மேனேஜர் பெயர் இருந்தது. என் பெயர் இருந்த சுவடே இல்லை. மேடையில் நின்று, இயந்திரத்துக்கு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் பேசினார். நான் டீ குடிக்கும்போது அவரிடம் சொன்ன வாக்கியங்களை அப்படியே வரிசையாகச் சொன்னார். கைதட்டினார்கள். அப்புறம் வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேரிடம் என்னை அழைத்துப்போய், "மேடம்தான் நமக்கு ஸ்பெல்லிங் எல்லாம் பார்த்துக் குடுக்கறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு குலாப் ஜாமூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மல்லிகை வந்தது. வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன். பாத்ரூமுக்குப் போய் வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் அதைப் போட்டுவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை குறைந்தது. ஆவணம் முடிந்துவிட்டது, இனிமேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். பேன்ட்ரியில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். டீக் கப்பைக் கழுவி வைக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் திருத்தினார். கப்பைக் கழுவி வைத்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று ஒட்டினார்கள். அன்றிலிருந்து பேன்ட்ரியில் ஒரு கப்பும் கழுவப்படவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் நத்தை மாதிரி ஊர்ந்து போகும் நேரமெல்லாம் நான் மனசுக்குள் அவரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய லேப்டாப்பில் கொதிக்கும் ரசத்தைக் கொட்டினேன். அதே ஹோட்டல் மேடையில் அவரை நிறுத்தி, அழிக்கும் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னேன். அவர் தடுமாறுவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எனக்குப் பசியே இருக்காது. ஒரு பேரை எடுத்துட்டதுக்கா இந்தப் பாடு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், ஒரு பேரை எடுத்ததுக்குத்தான் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஆனைமலைக்குப் போனேன். அநியாயத்துக்கு ஆளானவர்கள் அங்கே அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு நிலத் தகராறு, பின்னால் நின்றவருக்கு நகை காணோம். உங்களுக்கு என்னங்க அம்மணி என்று கேட்டார்கள். ஒரு வரியை மாத்திட்டாங்க என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று, ஆபீஸ் தகராறு என்று மட்டும் சொன்னேன். கல்லில் மிளகாயை வைத்து, என் பலம் எல்லாம் போட்டு அரைத்தேன். அம்மனுக்குக் காது கேட்டதோ இல்லையோ, என் உள்ளங்கை மறுநாள் வரைக்கும் எரிந்தது. கீபோர்டில் கை வைக்க முடியவில்லை.

ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது அது நடந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண் பிளவுஸ் டிசைன் யூனிட் வைத்திருக்கிறார். கல்யாணப் பட்டுக்குக் கை நிறைய, முதுகு நிறைய எம்ப்ராய்டரி போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு டிசைனும் அவரே வரைந்தது. இளம் வயதில் தனியாகத் தொழில் தொடங்கியதிலிருந்து வரைந்த அத்தனையையும் எங்கள் கிடங்கில்தான் வைத்திருந்தார். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்டும் வைத்திருந்தார். முகூர்த்த ஆர்டர்கள் குவிந்ததில் அவருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. புதிய படங்களை வைக்க வழியில்லை. ஏஜென்ட் அழிக்கும் பக்கத்தைப் படித்தது. இயன்றவரை தவிர்க்கச் சொல்லியிருந்தது, இயலவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் சிறப்பு என்றிருந்தது, அவசரம். அதிக நாளாக யாரும் திறக்காத பழைய ஃபோல்டரைப் பார்த்து அழித்துவிட்டது. அந்தப் பெண்ணின் பழைய டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

மூத்த மகளின் கல்யாண பிளவுஸில் இருந்த அதே பல்லக்கு டிசைன் இளையவளுக்கும் வேண்டும் என்று ஓர் அம்மா கடைக்கு வந்தபோதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆபீசுக்குப் போன் செய்தார். மேனேஜர் உடனே நேரில் போனார். பூவும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் அந்தப் பெண் மறுபடி போன் செய்தபோது எடுத்தது நான்.

"அக்கா, உங்க மேனேஜர் வந்தாருங்க. உக்காந்தாருங்க. நல்லாத்தான் பேசுனாருங்க" என்றார். "என்ற டிசைன் எல்லாம் இருக்குதா போச்சான்னு மட்டும் சொல்லவே இல்லீங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

"போச்சுங்க" என்றேன். "திரும்ப வராதுங்க."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. தையல் மெஷின் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். நான் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் மேல் எனக்கு அதுவரை இருந்தது என் கோபம் மட்டும்தான். அன்று அதோடு இன்னொருவருடைய கோபமும் சேர்ந்துகொண்டது. அழுது முடித்ததும், இது எப்படி நடந்தது என்று தனக்கு எழுத்தில் வேண்டும் என்றார். எங்கள் கம்பெனி முதலாளிக்கும் அதையே எழுதி அனுப்பினார்.

அடுத்த நாள் ஆவணத்தைத் திறந்தேன். முகப்பில் மேனேஜர் பெயர். வைக்கும் பக்கத்தில், எடுக்கும் பக்கத்தில், பகிரும் பக்கத்தில் எல்லாம் கீழே மேனேஜர் பெயர். அழிக்கும் பக்கத்துக்கு வந்தேன். எழுதியவர் என்று என் பெயர் இருந்தது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். கோயம்புத்தூரில் இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு கடையின் மொத்த உழைப்பையும் அழித்த பக்கத்தை எழுதியவள் என்ற பெயர் ஒரு தடவை ஒட்டிவிட்டால், எனக்கு அதற்கப்புறம் எவன் வேலை தருவான்? மானம் போன பிறகு வேலை இருந்துதான் என்ன? நேராக மேனேஜர் அறைக்குப் போய் இது என்ன என்று கேட்டேன். "நீங்க எழுதுனதுதானுங்களே மேடம். உங்க பேரு விட்டுப்போயிருந்துது, கவனிச்சுப் போட்டுட்டேனுங்க" என்றார். புன்னகை மாறவே இல்லை. அந்த நேரத்தில் என் கையில் மிளகாய் இருந்திருந்தால் அம்மனிடம் போயிருக்க மாட்டேன்.

முதலாளி எங்களிடம் அறிக்கை கேட்டார். அவர் குடும்பம் முன்பு நூற்பாலை நடத்தியது. வீட்டில் தெலுங்கு, ஆபீசில் அளந்து அளந்து தமிழ். எது நடந்தாலும் எழுத்தில் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். இப்படிப்பட்ட அறிக்கைகளை ஆபீசில் ஓர் ஏஜென்ட்தான் தயாரிக்கும். எந்தப் பக்கத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும், குரூப்பில் நாங்கள் போட்ட செய்திகளும் அதற்குத் திறந்திருக்கும். அதற்குக் கட்டளை எழுத மேனேஜருக்குக் கை வராது. என்னைத்தான் கூப்பிட்டார். நான் தட்டச்சு செய்ய, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதச் சொல்லுங்க என்றார். எழுதினேன். எழுதியவர் பெயர் இயல்பாக வந்துவிட்டால் போதும் என்றார். அந்த எழுதியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்ற கூச்சமே அவருக்கு இல்லை. எழுதினேன். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அப்பறம் மேடம், யாரு எதை மாத்துனாங்கங்கற விவரத்துக்குள்ள ரொம்பப் போகாம இருந்தா நல்லா இருக்குமுங்க."

எனக்கு விரல் நின்றது. அவர் என்னிடம் பேசுகிற மாதிரியே அதனிடமும் பேசுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நடந்தும் அந்த மனிதருக்குப் புத்தி வரவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று நினைத்தேன். பரிதாபப்பட்டு இல்லை. பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றுதான்.

"மாத்துன விவரத்தைச் சொல்லக் கூடாதுன்னே போட்டுடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அட, அப்படியெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்கு யாராச்சும் இந்தக் கட்டளையப் பார்த்தா நல்லாவா இருக்கும்? பக்குவமாப் போடுங்க."

பக்குவமாகவே போட்டேன். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை, ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல், அப்படியே போட்டேன்.

அறிக்கை வந்தது. முதல் பத்தி பிரமாதமாக இருந்தது. வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம், நிறுவனத்தின் பொறுப்புணர்வு என்று அவருக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. படித்துத் தலையாட்டினார். அவர் எப்போதும் முதல் பத்திக்கு மேல் படிப்பதில்லை. முழுசா ஒரு தடவை பாத்துடறீங்களா என்று கேட்டேன். நீங்க பார்த்தாப் போதாதுங்களா என்றார். நான் பார்த்திருந்தேன். நன்றாகவே பார்த்திருந்தேன். அவர் கையாலேயே முதலாளிக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிளவுஸ் யூனிட் பெண்ணும் வந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். முதல் பத்தி முடிந்தது. மேனேஜர் கைகளைக் கோத்துக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பத்தியில் நான் முதலில் எழுதியிருந்த வரி முழுசாக வந்தது. மூன்றாவதில், அதட்டுவது போல் இருக்கிறது என்று மேனேஜர் கருதியதால் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது என்று வந்தது. எழுதியவர் அன்றே எதிர்ப்புத் தெரிவித்து, ஃபோல்டர்கள் அழிக்கப்படும் அபாயத்தைச் சுட்டிக்காட்டினார். அதற்குப் பதிலாகக் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பப்பட்டது. வாடிக்கையாளர் புகாருக்குப் பிறகு, அந்தப் பக்கத்தில் மட்டும் எழுதியவர் பெயரை மேனேஜர் சேர்த்தார்.

முதலாளி அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு கடைசி வரியைப் படித்தார். மாற்றங்கள் குறித்த விவரங்களுக்குள் அதிகம் போகாமல் இருந்தால் நல்லது என்று கேட்டுக்கொள்ளப்பட்டதால், அவை சுருக்கமாகவே தரப்பட்டுள்ளன.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. ஆனைமலை எரிச்சல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கியது. சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், அந்த விவரம் வேண்டாம்னுதானுங்களே சொன்னேன்?"

"இல்லீங்க" என்றேன். "போகாம இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னீங்க. கூடாதுன்னு போடட்டுமான்னு நான் கேட்டேனுங்க. வேண்டாம்னுட்டீங்க."

முதலாளி முன்னால் என்ன சொன்னாலும் அது தன் மேலேயே விழும் என்பது மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி திட்டவில்லை. எங்கள் ஊரில் முதலாளிகளும் அப்படித்தான். அறிக்கையை மடித்து அவர் முன்னால் தள்ளிவிட்டு, இதை நீங்களே வெச்சுக்கங்க என்றார். ஆவணத்தை நான் முதலில் எழுதிய மாதிரியே திருப்பிப் போடச் சொன்னார். எல்லாப் பக்கத்திலும் என் பெயர் வர வேண்டும் என்றார். அடுத்த மாதம் மேனேஜர் சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டார் என்று எல்லோருக்கும் மெயில் வந்தது. பிரிவு விருந்தில் கேக் வெட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அறிக்கை படித்த அன்று கூட்டம் முடிந்ததும் பிளவுஸ் யூனிட் பெண்ணோடு லிப்ட் வரைக்கும் நடந்தேன். இப்ப உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "அந்த ரிப்போர்ட்ட வெச்சு நான் பிளவுஸ் தைக்க முடியாதுங்கக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழைய வாடிக்கையாளர்களிடம் போன் செய்து, அவர்கள் பீரோவில் இருக்கும் பிளவுஸ்களை இரவல் வாங்கி, பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நானும் போய் அவற்றைப் போட்டோ எடுத்து, பெயர் போட்டு அடுக்கித் தருகிறேன். அந்தப் பல்லக்கு டிசைன் கிடைத்துவிட்டது. எத்தனையோ இன்னும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை கிடைக்காத ஒன்றைப் பற்றி அவர் சொல்லும்போதும், மேனேஜருக்கு நான் கொடுத்தது போதாது என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் துடியலூரில் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர். பேச்சைக் கேட்டாலே பொள்ளாச்சிப் பக்கம் என்று தெரிந்தது. மேனேஜர் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். விசாரித்துக்கொள்ள யாராவது ஒருவர் பெயரைக் கேட்டதற்கு, என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

என் பெயரை! கூட வேலை பார்த்தவர்களில் அவரைக் குறை சொல்லிப் பேசாதவள் என்று நினைத்தாரோ, எதிரே நின்று பேச எனக்கு வாய் வராது என்று நினைத்தாரோ, தெரியவில்லை. கத்தரிக்காயைத் தட்டில் வைத்துவிட்டு, வண்டிச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்றேன்.

ஆள் எப்படிங்க என்று கேட்டார்.

"ரொம்ப நல்ல மனுஷருங்க" என்றேன். "யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாருங்க."

வேலை எப்படிங்க மேடம் என்று கேட்டார்.

"அவரோட பேசிட்டிருந்தா நேரம் போறதே தெரியாதுங்க."

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

"சரீங்க மேடம். புரிஞ்சுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியை ஓர் ஏஜென்ட் கேட்டிருந்தால் மேனேஜருக்கு அந்த வேலை கிடைத்திருக்கும்.